ஜூஸ் பழக் கணக்கில் வராது

கேள்வி: எனக்கு வயது 44. அடிக்கடி வயிறு உப்புசம், காலையில் விரல் மூட்டுகளில் வலி. "உடம்பில் அழற்சி இருக்கும், சர்க்கரையை விட்டுவிட்டுப் பழத்துக்கு மாறு" என்றாள் தோழி. ஒரு மாதமாகச் சர்க்கரையைத் தொடவில்லை. டீக்குத் தேன், காலையில் ஒரு பெரிய கிளாஸ் ஆப்பிள் ஜூஸ், மாலையில் ஒரு கை பேரீச்சை, இரவில் இரண்டு ஆப்பிள். உப்புசம் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. பழம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: பழத்தின் மேல் பழி போடும் முன் உங்கள் பட்டியலைப் பார்ப்போம். அதில் நான் மனதாரப் பழம் என்று ஒப்புக்கொள்வது அந்த இரண்டு ஆப்பிளைத்தான். பேரீச்சையைப் பாதி மனதோடு சேர்க்கலாம். தேனும் ஜூஸும் சேராது. 2015-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், அவை இரண்டையும் சர்க்கரையோடுதான் சேர்த்துக் கணக்கிடுகிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்தக் கணக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். 300 மில்லி ஆப்பிள் ஜூஸிலேயே ஏறக்குறைய 30 கிராம் போய்விடும்.

ஆப்பிளிலும் அதே சர்க்கரைதானே என்பீர்கள். ஆமாம், நடுத்தரப் பழத்தில் சுமார் 19 கிராம். ஆனால் அது பழத்தின் செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது; மென்று உடைத்தால்தான் மெல்ல வெளியே வரும். 1977-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில், பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், ஜூஸாகவும் தந்து பார்த்தார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் மூன்றிலும் ஒரே அளவு. ஜூஸை முழுப் பழத்தைவிட 11 மடங்கு வேகத்தில் குடித்து முடிக்க முடிந்தது. இன்சுலின் அதிகம் ஏறியது, ரத்தச் சர்க்கரை பிறகு தடாலென்று இறங்கியது, வயிறு நிறைந்த உணர்வும் குறைவு.

ஜூஸ் வடிகட்டியபின் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கையை வழித்துக் குப்பையில் போடுகிறோமே, உங்கள் குடல் கேட்பது அதைத்தான். அதிலுள்ள பெக்டின் போன்ற நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் முதலிய அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு ப்யூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். குடலின் உட்சுவர் உறுதியாக இருக்கவும் அழற்சி கட்டுக்குள் இருக்கவும் அது உதவுகிறது. உங்கள் தோழி சொன்னதில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

சரி, உப்புசம்? புளிக்கும்போது வாயு உண்டாகத்தான் செய்யும். போதாததற்கு, ஆப்பிளிலும் தேனிலும் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை அதிகம். ஆப்பிளில் சார்பிடால் என்ற இன்னொரு இனிப்புப் பொருள் வேறு. பலருக்குச் சிறுகுடல் இவற்றை முழுதாக உறிஞ்சாது; மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். பேரீச்சையிலும் வாயு உண்டாக்கும் நார்கள் உண்டு. தேடிப் பிடித்தாற்போல, வயிற்றை ஊதவைக்கக்கூடிய நான்கையுமே எடுத்திருக்கிறீர்கள்!

ஜூஸை நிறுத்துங்கள். ஆப்பிளுக்குப் பதில் ஆரஞ்சைப் பிழியாமல் சுளையாக, அல்லது அதிகம் கனியாத வாழைப்பழம் சாப்பிடுங்கள். முதல் வாரம் நாளுக்கு ஒன்று. வயிறு பழகியதும் இரண்டு. பேரீச்சை ஒன்றிரண்டு போதும். டீக்குத் தேன்தான் வேண்டும் என்றில்லை, அரை ஸ்பூன் சர்க்கரையே போட்டுக்கொள்ளுங்கள். அந்த 2 கிராமுக்குப் பயந்து 30 கிராம் சர்க்கரை உள்ள ஜூஸைக் குடிப்பது என்ன கணக்கு? பிஸ்கட், கேக் இருந்த இடத்தில் பழம் வந்தால்தான் பலன். அவையும் இருக்க, பழமும் கூடினால் ஒன்றும் மாறாது. சர்க்கரை நோயோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் மட்டும், பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரல் மூட்டு வலியை மட்டும் பழத்திடம் ஒப்படைக்காதீர்கள். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ முடக்குவாதமாக (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதற்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் மூட்டு தேய்வதைப் பெருமளவு தடுக்கலாம். உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருந்தால் அந்த நேரம் வீணாகும். எழுந்ததிலிருந்து விரல்களைச் சிரமமில்லாமல் மடக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று சில நாள் குறித்து வையுங்கள். மருத்துவர் அதைக் கட்டாயம் கேட்பார்.