ஈஸ்டர் முடிஞ்சதும் எல்லாம் நின்னு போச்சா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல நிறைய ஈஸ்டருக்கு அப்புறம் என்ன பண்றதுங்கறத சுத்தியே இருந்துச்சு, அதனால அதையெல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். மத்த கேள்விங்களுக்கு அடுத்த மாசம் பதில் எழுதுறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க.

டீச்சர், தவக்காலம் முழுக்க எங்க வீட்ல கறி மீன் எதுவும் சமைக்கல, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஒண்ணு கூட விடல, ராத்திரி குடும்ப ஜெபமும் ஒழுங்கா நடந்துச்சு. ஈஸ்டர் அன்னிக்கு பிரியாணி சாப்பிட்டதோட எல்லாம் நின்னு போச்சு. வருஷா வருஷம் இப்படித்தான் ஆகுது. என்ன பண்ணலாம்? – ஒரு குடும்பத் தலைவி, திண்டுக்கல்

உங்க வீட்ல மட்டும் இல்லம்மா, பாதி பங்கு கோவில்ங்கள்ல இதே நெலமதான். புனித வெள்ளிக்கு கோவில்ல நிக்க எடம் இருக்காது, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பெஞ்செல்லாம் காலியா கெடக்கும். தவக்காலம் 40 நாள்னு சின்ன புள்ளைக்கு கூட தெரியும், ஆனா உயிர்ப்பு ஞாயிறுல ஆரம்பிச்சு தூய ஆவி பெருவிழா வரைக்கும் 50 நாள் பாஸ்கா காலம்னு எத்தன பேருக்கு தெரியும்? தவக்காலத்த விட பெருசு அது. அந்த 50 நாளையும் ஒரே பெரிய ஞாயித்துக்கிழமை மாதிரி கொண்டாடணும்னுதான் திருச்சபை சொல்லுது. நமக்கு தவக்காலத்துல என்ன செய்யணும்னு தாத்தா பாட்டி காலத்துலேந்து பழக்கிக் குடுத்துருக்காங்க, கறி சாப்பிடாத, பூ வைக்காத, சிலுவைப்பாதைக்கு போ, உண்டியல்ல காசு போடுன்னு. பாஸ்கா காலத்துக்கு அப்படி கையில எதுவும் குடுக்கல. அதான் பிரச்சனை, உங்க பக்தியில கொற ஒண்ணும் இல்ல.

மொதல்ல குடும்ப ஜெபத்த நிறுத்தாதீங்க, அத கொஞ்சம் மாத்துங்க. மூவேளை ஜெபத்துக்கு பதிலா இந்த 50 நாளும் "விண்ணக அரசியே மனம் களிகூரும், அல்லேலூயா" ஜெபம் சொல்லணும், அதையும் எழுந்து நின்னு சொல்றதுதான் மரபு. சின்ன ஜெபம்தான், ஒரு நிமிஷம் கூட ஆகாது, புள்ளைங்க ரெண்டே நாள்ல மனப்பாடம் பண்ணிடும். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்குற பாஸ்கா இரவு பூசையில கையில புடிச்சிருந்த மெழுகுதிரிய எங்கயாவது டிராயர்ல போட்டு வச்சிருப்பீங்க, அத எடுத்து ஜெப நேரத்துல ஏத்துங்க. அப்புறம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒரே ஒரு பகுதி பைபிள்லேந்து வாசிங்க. ஈஸ்டர் திங்கள்லேந்து சனி வரைக்கும் பூசையில தெனமும் உயிர்த்த ஆண்டவர் யாருக்காவது காட்சி குடுக்குற நற்செய்திதான் வரும், செவ்வாய்க்கிழமை மகதலா மரியா, புதன்கிழமை எம்மாவு ஊருக்கு நடந்து போன ரெண்டு சீடர், வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில மீன் புடிச்ச சீடருங்க. அந்த வாரம் போயிடுச்சுன்னா பரவால்ல, இப்ப கூட எடுத்து வாசிக்கலாம். அதுக்கப்புறம் திருத்தூதர் பணிகள் புத்தகத்த கையில எடுங்க, பாஸ்கா காலம் முழுக்க பூசையில மொத வாசகம் அதுலேந்துதான்.

இன்னொண்ணு, இதத்தான் நான் முக்கியமா சொல்ல நினைக்கிறேன். உயிர்த்த ஆண்டவர் எங்கெல்லாம் வந்தாருன்னு பாருங்க. ஒரு தோட்டம், ஒரு ரோடு, பயத்துல பூட்டி வச்ச ஒரு வீடு, மீன் புடிக்கிற ஏரிக்கரை. ஒண்ணு கூட கோவில்ல நடக்கல. தோட்டத்துல அழுதுட்டு நின்ன பொம்பளைய "மரியா"ன்னு பேர் சொல்லி கூப்புட்டாரு. ரோட்ல போன ரெண்டு பேர் கிட்ட என்ன பேசிக்கிட்டு போறீங்கன்னு கேட்டு, அவங்க பொலம்புன எல்லாத்தையும் மொதல்ல கேட்டுட்டு அப்புறம்தான் அவரு பேசுனாரு. ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் கெடைக்காம இருந்தவங்கள மறுபடி வலை போட சொன்னாரு, மீன் மாட்டுச்சு, அவங்க கரைக்கு வந்து பாத்தா அங்க நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, ரொட்டியும் வச்சிருக்காரு. சாவையே ஜெயிச்சவரு செஞ்ச வேலை இது, சமையல்! நீங்க தெனமும் காலைல அடுப்படியில நிக்கிறீங்களே, அது பக்திக்கு வெளியில இருக்குற வேலைன்னு யாரு சொன்னா?

அதனால தவக்காலத்துல சாப்பிடாம இருந்தீங்கள்ல, இப்ப சாப்பாடு போடுங்க. உங்க அன்பியத்துல, அதான் பக்கத்து பக்கத்து கத்தோலிக்க வீடுங்க சேந்த குழுவுல, தனியா இருக்குற வயசானவங்க யாராவது ஒருத்தர் கட்டாயம் இருப்பாங்க, புள்ளைங்க வெளிநாட்ல இருக்கும், ஒரு ஆளுக்கு எதுக்கு சமைக்கிறதுன்னு பன்னும் டீயுமா காலத்த ஓட்டிட்டு இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை கொழம்புல ஒரு கிண்ணம் அவங்க வீட்டுக்கு போகட்டும், குடுத்துட்டு ஓடி வந்துடாம பத்து நிமிஷம் உக்காந்து அவங்க பேசுறத கேளுங்க. போப் பிரான்சிஸ் 2018-ல புனிதத்த பத்தி எழுதுன மடல்ல கூட இப்படித்தான் ஒரு சாதாரண பொம்பளைய சொல்றாரு. கடைக்கு போற எடத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஊர்க்கதை பேச ஆரம்பிக்கிறாங்க, யார பத்தியும் தப்பா பேச மாட்டேன்னு இவ மனசுக்குள்ள முடிவு பண்றா, வீட்டுக்கு வந்து களைப்பா இருந்தாலும் புள்ள சொல்றத உக்காந்து கேக்குறா, புனிதத்துல இதெல்லாம் ஒவ்வொரு படின்னு. நம்ம வீட்டு கதைதான.

ஈஸ்டர் வாரத்து வெள்ளிக்கிழமை கறி சாப்பிடலாமா? வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு. – வாசகர், தூத்துக்குடி

சாப்பிடலாம். ஈஸ்டர் ஞாயிறுலேந்து எட்டு நாளும் பெருவிழா அந்தஸ்து உள்ள நாளுங்க, பெருவிழா வர்ற வெள்ளிக்கிழமை கறி ஒதுக்குற சுத்தபோசனம் கெடயாதுன்னு திருச்சபை சட்டமே சொல்லுது. சாப்பிட மனசு வராதவங்கள கட்டாயப்படுத்தவும் வேணாம். சண்டை போட்டதுக்கு ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்பு கேட்டுக்குங்க, அது கறிய விட முக்கியம்.

எங்க மாமனார் இறந்து இன்னும் வருஷம் திரும்பல. துக்க வீடு, எந்த நல்ல நாளும் கொண்டாடக்கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. ஈஸ்டருக்கு பாஸ்கா பூசைக்கு கூட வரல. இன்னும் அழுதுக்கிட்டேதான் இருக்காங்க. அவங்க கிட்ட எப்படி பேசுறது? – மருமகள், கும்பகோணம்

மொதல்ல ஒண்ணு, உங்க அத்தைய திருத்தப் போறோம்னு நினைச்சு பேசாதீங்க. வருஷம் திரும்புற வரைக்கும் பண்டிகை வேணாங்கறது அந்த மனுஷன் மேல உள்ள பாசத்துல வர்றது, அவரு இல்லாம என்ன புதுத்துணி என்ன பலகாரம்னு அவங்களுக்கு தோணுது, தோணத்தான் செய்யும். புதுத்துணி வேணாம், கேக் வேணாம், சரி. ஆனா ஈஸ்டர் அந்த மாதிரி ஒரு பண்டிகை இல்லம்மா, இது செத்தவங்களுக்காகவே உள்ள நாள்.

மாமனாரோட அடக்க பூசைய நெனச்சு பாருங்க. பொட்டி பக்கத்துல பெரிய பாஸ்கா திரி எரிஞ்சிருக்கும், பொட்டி மேல தீர்த்தம் தெளிச்சிருப்பாங்க. அந்த திரிதான் பாஸ்கா இரவுல புது நெருப்புலேந்து ஏத்துறது, அதுல சிலுவை கீறி, அந்த வருஷத்தோட எண்ண எழுதி, அஞ்சு காயத்துக்கு அஞ்சு சாம்பிராணி மணி குத்தி வைப்பாங்க. 50 நாளும் பூசையில எரியும், அப்புறம் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும்தான் எடுப்பாங்க. கொழந்தையா ஞானஸ்நானம் வாங்குனப்ப எந்த தண்ணியும் வெளிச்சமும் கெடச்சதோ அதே தண்ணி அதே வெளிச்சத்தோடதான் உங்க மாமனார அனுப்பி வச்சிருக்காங்க. அப்ப ஈஸ்டர் மத்த வீட்ட விட உங்க வீட்டுக்குத்தான் ரொம்ப சொந்தம். இத அத்தை கிட்ட மெதுவா சொல்லுங்க, ஒரே நாள்ல சொல்லி முடிக்கணும்னு இல்ல.

அழட்டும், அழறதுக்கு தடை போடாதீங்க. கல்லறை கிட்ட மகதலா மரியா அழுதப்ப வானதூதருங்களும் சரி, ஆண்டவரும் சரி, ஏம்மா அழறன்னு கேட்டாங்களே தவிர அழாதன்னு அதட்டல. நம்ம ஆளுங்கதான் "விசுவாசம் இருந்தா அழக்கூடாது"ன்னு துக்க வீட்ல போய் பிரசங்கம் பண்றது, எனக்கு அத கேட்டாலே வயிறு எரியும். இலங்கையில 2019 ஈஸ்டர் அன்னிக்கு, ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்புல சீயோன் சபைன்னு குண்டு வெடிச்சு, ஓட்டல்கள்ல செத்தவங்களையும் சேத்தா 250 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல தமிழ் குடும்பங்க எத்தனையோ. கட்டுவாப்பிட்டியில ரத்தம் தெறிச்ச உயிர்த்த இயேசு சுரூபத்தோட படத்த உலகமே பாத்துச்சு. அந்த குடும்பங்களுக்கு ஈஸ்டரும் நினைவு நாளும் ஒண்ணா போச்சு. அதுக்கப்புறமும் அதே கோவில்ங்கள்ல அதே பீடத்துல ஈஸ்டர் பூசை நடக்குது, ஜனங்க வர்றாங்க, அழுதுக்கிட்டே அல்லேலூயா பாடுறாங்க. அழுகையும் அல்லேலூயாவும் ஒரே வாயிலேந்து வரலாம்மா.

பாஸ்கா காலம் முடியறதுக்குள்ள மாமனார் பேருக்கு ஒரு பூசை குடுங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அத்தைய கூட்டிக்கிட்டு கல்லறைக்கு போய், பூ வச்சு, பாஸ்கா இரவு மெழுகுதிரிய அங்க ஏத்தி, "விண்ணக அரசியே" ஒரு தடவ சொல்லிட்டு வாங்க. பூசைக்கு வர மாட்டேங்குறவங்க கூட கல்லறைக்கு வருவாங்க.

பையனுக்கு மே மாசம் புதுநன்மை, மொத தடவ பூசையில நற்கருணை வாங்கப் போறான். மண்டபம், பிளக்ஸ், நானூறு பேருக்கு சாப்பாடுன்னு வீட்டுக்காரர் கடன் வாங்க பாக்குறாரு. சொந்தக்காரங்க செஞ்சாங்களாம், நாமளும் செய்யணுமாம். – வாசகி, கோயம்புத்தூர்

கடன் வாங்க வேணாம்னு உங்க வீட்டுக்காரர் கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. 1910-ல பாப்பரசர் பத்தாம் பயஸ் புதுநன்மைக்கு வயச கொறச்சு, சாதாரண ரொட்டிக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் புரியுற ஏழு வயசு கொழந்தைக்கே குடுக்கலாம்னு வழி விட்டாரு. கொழந்தைய ஆண்டவர் கிட்ட சீக்கிரம் கொண்டு போகணும்னுதான் அந்த மாத்தம், நாம அத கல்யாண ரேஞ்சுக்கு கொண்டு போய் நிறுத்திட்டோம். வெள்ளை சட்டை வேணும், ஒரு மாலை, ஒரு மெழுகுதிரி, ஞானஸ்நான தாய் தகப்பன், தாத்தா பாட்டி, பக்கத்து வீடு, வீட்டு சாப்பாடு. போதும். அதே நாள்ல பங்குல துணி எடுக்க வசதி இல்லாத புள்ள யாராவது புதுநன்மை வாங்குதான்னு சிஸ்டர் கிட்ட காதோட காதா கேளுங்க, பிளக்ஸுக்கு வச்ச காசு அதுக்கு போகட்டும், உங்க பையனுக்கும் தெரிய வேணாம் அந்த புள்ளைக்கும் தெரிய வேணாம். பையன் நன்மை வாங்குறதுக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் சாமியார் கிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணி அவனோட சேந்து நன்மை வாங்குங்க, மண்டபத்த மறந்துடுவான், இத மறக்க மாட்டான்.

நான் ஸ்டாப் நர்ஸ். ஞாயிறு பாதி நாள் டூட்டியிலதான் போகுது. பாஸ்கா இரவு கூட ஐசியூலதான் இருந்தேன். குத்த உணர்ச்சியா இருக்கு அக்கா. – சென்னை

சனிக்கிழமை சாயங்கால பூசையே ஞாயிறு கடமைக்கு போதும்டா, உங்க ஏரியாவுல எந்த கோவில்ல இருக்குன்னு விசாரிச்சு வச்சுக்கோ. அதுவும் முடியாத வாரம், நோயாளிய விட்டுட்டு வர முடியாத நெலமையில பூசைய விட்டா அது பாவம் இல்ல, தைரியமா இரு. நீ பாஸ்கா இரவுல முழிச்சிருந்துதான இருக்க, ஒரு உசுருக்கு பக்கத்துல முழிச்சிருந்த. ஒண்ணு மட்டும் செஞ்சு பாரு. "பெட் நம்பர் ஆறு"ன்னு சொல்ற எடத்துல அவங்க பேர சொல்லி கூப்புடு, மயக்கத்துல இருந்தாலும் ஊசி போடறதுக்கு முன்னால பேர சொல்லிட்டு போடு. மரியாவுக்கு ஆண்டவர அடையாளம் தெரிஞ்சது பேர சொல்லி கூப்புட்டதுலதான்.

அண்ணனுக்கும் எனக்கும் நிலத் தகராறு, கேஸ் ஓடுது. ஆறு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல, அந்த கோவத்தால நானும் நன்மை வாங்குறதில்ல. இப்ப ஈஸ்டர் முடிஞ்சு அவர் பொண்ணுக்கு கல்யாணம், பத்திரிகைய ஆள் கிட்ட குடுத்து விட்டுருக்காரு, நேர்ல வரல. போகணுமா? – வாசகர், சிவகங்கை

போங்க தம்பி. நேர்ல வரலன்னு பாக்காதீங்க, ஆறு வருஷத்துக்கு அப்புறம் உங்க பேர பத்திரிகை கவர்ல எழுதியிருக்காரே அதுக்கு அவருக்கும் கை நடுங்கியிருக்கும்.

அதுக்கு முன்னால பாவசங்கீர்த்தனத்துக்கு போங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அதுவும் பாஸ்கா காலத்துல, நன்மை வாங்கணுங்கறது ஒவ்வொரு கத்தோலிக்கனுக்கும் உள்ள கடமை, நீங்க ஆறு பாஸ்காவ பட்டினியா விட்டுருக்கீங்க. கேஸ் நடக்குறது பாவம் இல்ல, உங்க பங்கு உங்களுக்கு நியாயமா வரணும்னு கேக்குறதும் தப்பில்ல. அண்ணன் நாசமா போகணும்னு உள்ளுக்குள்ள நெனச்சிருந்தா அத சாமியார் கிட்ட சொல்லி எறக்கி வைங்க.

ஆண்டவரோட சீடர் பேதுரு கதைய பாருங்க. ஆண்டவர புடிச்சிட்டு போன ராத்திரி, தலைமை குரு வீட்டு முத்தத்துல கரி நெருப்புல குளிர் காஞ்சுக்கிட்டே ஆண்டவர தெரியாதுன்னு மூணு தடவ சொன்னவரு. யோவான் நற்செய்தி கடைசி அதிகாரத்துல ஏரிக்கரையில ஆண்டவர் மூட்டி வச்சிருந்ததும் கரி நெருப்புதான். அத பாத்ததும் பேதுருவுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்திருக்கும்! ஆனா ஆண்டவர் ஏன் அப்படி சொன்னன்னு எடுத்த எடுப்புல கேக்கல. வந்து சாப்பிடுங்கன்னாரு. சாப்பிட்டு முடிச்ச பின்னாலதான் "என்மேல் அன்பு உண்டா"ன்னு மூணு தடவ கேட்டாரு. நம்ம ஊர்ல தலைகீழா பண்றோம், கணக்க மொதல்ல தீக்கணும், சாப்பாட்ட அப்புறம் பாத்துக்கலாம்னு.

அதனால கல்யாணத்துக்கு குடும்பத்தோட போங்க. பூசைக்கே போயிடுங்க, சமாதானம் சொல்ற நேரத்துல அண்ணன் இருக்குற பக்கம் திரும்பி கை கூப்புங்க, அவர் பாத்தாலும் பாக்காட்டியும். பொண்ணு தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க, அது ஒங்க பொண்ணுதான், பெரியவங்க கேஸ்ல அதுக்கு பங்கு இல்ல. ஊர்ல பகையாளி கல்யாணத்துக்கு போறவங்க மொய் எழுதிட்டு சாப்பிடாம நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுவாங்க பாருங்க, அத மட்டும் பண்ணிடாதீங்க. பந்தியில உக்காந்து பாயசம் வரைக்கும் நல்லா சாப்பிடுங்க, அண்ணன் எதிர்ல வந்தா நீங்களே முந்திக்கிட்டு "பொண்ணு நல்லா இருக்குண்ணே"ன்னு சொல்லுங்க. நிலத்த பத்தி அங்க யாரு கெளறுனாலும், இன்னிக்கு வேணாம், அத வக்கீல் பாத்துப்பாருன்னு சொல்லி எலையில கவனத்த வைங்க.