வீட்டிலேயே தைத்துக்கொள்ள மெஷின் வாங்கினால் பயன்படுமா, மூலையில்தான் கிடக்குமா?

ஒரு ரவிக்கைக்காக ஒரு நாளை வீணாக்குவதைவிடக் கடையில் கொடுத்துவிடுவதே மேல் என்று இங்கே சிலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மதுரையில் 22 ஆண்டுகளாக ஒரே கால் மெஷினில் எங்கள் வீட்டுத் துணிகளைத் தைத்து வருகிறேன். நான் தொழில்முறைத் தையல்காரி அல்ல என்பதையும், கடை வைத்திருப்பவர்கள் என் முறைகளில் குறை கண்டால் அதில் நியாயம் இருக்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டுத் தையலில் எது கெடும், கெட்டதை எப்படி மீட்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் பள்ளி செல்லும் வயதில் குழந்தை இருக்கும் என்றும், பாவாடைக்கு மடிப்புப் பிரிக்கவும் சீருடையின் விட்ட தையலை மீண்டும் போடவும் ஒவ்வொரு முறையும் கடைக்கு நடந்து சலித்திருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். அப்படியானால் தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய முதல் வாரம் மட்டும் துணியைத் தொடாதீர்கள். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். கால் மெஷினில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் நூல் அறும். அது முன்னோக்கியே சுற்றும்படி கால் பழகுவதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

புதிதாகத் தைப்பவர்களைப் பெரிதும் சோர்வடையச் செய்வது, துணியின் அடிப்பக்கத்தில் குருவிக்கூடு போல நூல் சிக்கிக்கொள்வதுதான். சிக்கு அடியில் தெரிவதால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினையே கழற்றிக் கழற்றிப் பார்க்கிறார்கள். நானும் மூன்று மாதம் அப்படித்தான் செய்தேன். பெரும்பாலும் குறை மேல்நூலில்தான் இருக்கும். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராவிட்டால் இழுப்பின்றித் தளர்ந்து, அந்தத் தளர்ச்சி முழுவதும் அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. துணியை அழுத்தும் பாதத்தை மேலே தூக்கிவைத்துவிட்டு நூலை முதலிலிருந்து மீண்டும் கோத்தால் அநேகமாகச் சரியாகிவிடும்.

இனி என் வாழ்வில் மறக்க முடியாத தவற்றைச் சொல்கிறேன். 2011இல் என் நாத்தனார் தம் மகள் நிச்சயதார்த்தத்திற்கு உடுத்தவிருந்த பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணியை என்னை நம்பிக் கொடுத்தார். சேலையோடு வரும் துணி 80 சென்டிமீட்டர்தான். அதில் முன்பாகம், பின்பாகம், இரண்டு கை, பட்டி ஆகியவற்றை எடுத்தபின் மிஞ்சுபவை வெறும் நறுக்குகளே. கையின் விளிம்பில் ஜரிகைக் கரை வர வேண்டும் என்பதற்காகத் துணியை மடிக்காமல், ஒற்றையாக விரித்து, ஒரே வெட்டுத்தாளை ஒரே பக்கமாக இருமுறை வைத்து வெட்டினேன். கையின் மேல்வளைவில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஏறக்குறைய அரை இஞ்சு கூடுதலாகக் குடைந்திருக்க வேண்டும். ஆகவே, ஒருமுறை வெட்டிய பிறகு தாளைத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்த கையை வெட்ட வேண்டும். நான் திருப்பவில்லை, இரண்டுமே வலக்கைகளாக வந்தன. சாயம் இருபுறமும் ஊறிய சாதாரணப் பருத்தித் துணியாக இருந்திருந்தால் ஒன்றைப் புரட்டிப் போட்டு இடக்கையாக்கியிருக்கலாம். இதிலோ பின்புறம் முழுவதும் ஜரிகை இழைகள் நீண்டு தொங்கின.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் சாப்பாடு இறங்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் துணிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு புதுமண்டபத்திற்குப் போனேன். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்தின் எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அம்மண்டபத்தில் அப்போது சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். பிற்பாடு அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன. அங்கிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு கைகளையும் தம் முழங்கால் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "துணி பத்தாம போகலம்மா, விரிச்சதுதான் தப்பு. அக்குள்ல ஒட்டுக் குடுங்க, யாருக்கும் தெரியாது" என்றார். தவறான கையின் மறுபக்கத்தையும் குடைந்துவிட்டு, பின்பக்கம் குறையும் இடத்தில் நறுக்கிலிருந்து ஒரு முக்கோணத் துண்டை இணைக்கவும், இரு கைகளும் ஒத்திருக்க மற்றதிலும் அவ்வாறே செய்யவும் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்றிரவே மெல்லிய 11ஆம் எண் ஊசி போட்டுத் தைத்தேன். பட்டில் ஒருமுறை விழுந்த ஊசித் துளை மறையாது என்பதால் முதலில் கையால் நூலோட்டி, சரிபார்த்த பின்னரே மெஷினில் வைத்தேன். விழா முடிந்த பிறகு நாத்தனாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கையைத் தூக்கி, ஒட்டைத் தடவிப் பார்த்து, "இவ்வளவுதானா, இதுக்கா முகத்தை அப்படி வச்சிருந்த?" என்றார்.

அதற்குப் பிறகும் பிழைகள் நேர்ந்தன. லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்ததால், முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி மேல்துணி முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது; பருத்தி லைனிங்கை முதல் நாள் இரவே நீரில் போட்டுவிடும் பழக்கம் அன்றுமுதல் எனக்கு வந்தது.

உண்மையான மனக்குறை ஒன்றையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டில் மெஷின் இருப்பது தெரிந்தால் உறவினர்கள், "உனக்கென்ன, அரை மணி நேர வேலைதானே" என்று சொல்லியே துணியை வைத்துவிட்டுப் போவார்கள். லைனிங் வைத்த ஒரு ரவிக்கையை அளவெடுத்து, வெட்டி, தைத்து, ஹெம்மிங் செய்து, ஊக்கு வைக்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தைக் கடைக்காரர் செலவழித்தால் உழைப்பு என்றும், வீட்டுப் பெண் செலவழித்தால் பொழுதுபோக்கு என்றும் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நூலும் லைனிங்கும் நீங்களே வாங்கிவர வேண்டும் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், சிலர் வருத்தப்பட்டார்கள்.

பணம் மிச்சமாகுமா என்று கேட்டால், முதல் ஆண்டில் ஆகாது. கெட்ட துணியே அந்தக் கணக்கைத் தின்றுவிடும். ஆனால் என் மகள் இரண்டாம் வகுப்பில் கட்டிய பாவாடையில், பிறகு பிரித்து நீளமாக்கிக்கொள்ளும்படி மூன்று டக் (மடிப்பு) பிடித்துத் தைத்திருந்தேன். ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டதில் ஐந்தாம் வகுப்பு வரை அதையே கட்டினாள். டக் இருந்த இடங்களில் மட்டும் வெளுக்காத மூன்று நீலக் கோடுகள் தெரியும். அவற்றைத் தான் வளர்ந்த கோடுகள் என்று தோழிகளுக்குக் காட்டுவாள். அந்தப் பாவாடையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.