வாசகர் கேள்வி – பதில்: வாவியைச் சுற்றி ஓடுபவரின் கணக்கு

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் மட்டக்களப்பில் உணவு, மருந்து, பலசரக்கு ஆகியவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு நிறுவனமொன்றை நடத்துகிறோம். செயலி செய்து எட்டு மாதமாகிறது. ஓட்டுநர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிறார்களில்லை. இன்னும் பணம் போட்டுச் செயலியைத் திருத்தினால் கொழும்புப் பெரிய நிறுவனங்களோடு போட்டியிட முடியுமா?
– வாசகர், கல்லடி

பதில்: செயலியில் கைவைப்பதற்கு முன்னர், விலகிப்போனவர்களில் மூன்று பேரையாவது தேநீர்க் கடைக்கு அழைத்து, ஏன் போனார்கள் என்று கேளுங்கள். நீங்கள் சொல்லும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான, வாடகை வண்டியும் உணவு விநியோகமும் நடத்தும் பிக்மீ செயலி 2015 இல் இயங்கத் தொடங்கியது. ஊபரும் அதே ஆண்டில்தான் கொழும்புக்கு வந்தது. பிக்மீயை நடத்தும் நிறுவனம் 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டுவிட்டது. இத்தனை ஆண்டுகளாக மென்பொருளில் பணத்தைக் கொட்டியவர்களை மென்பொருளாலேயே முந்துவது உங்களால் ஆகிற காரியமல்ல. வரைபடம், தரவுச் சேமிப்பு, லங்கா கியூஆர் குறியீட்டு வழியான கொடுப்பனவு ஆகியவை இன்று எவரும் பெறக்கூடிய வசதிகளாகிவிட்டதால், நாளை உங்கள் பக்கத்துத் தெருக்காரரும் இதே செயலியோடு வந்து நிற்பார்.

அவரிடம் இல்லாததும் உங்களிடம் இருக்கக்கூடியதும் ஊரறிவு ஒன்றுதான். எந்த ஒழுங்கை மாரி மழைக்கு மூழ்கும், ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடியில் எவ்வளவு தாமதமாகும், இலக்கமில்லாத வீட்டுக்கு எந்தக் கோயிலடியில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் ஓட்டுநர்களின் தலைக்குள் இருக்கின்றன. ஒருவர் விலகினால் அது அவரோடு போய்விடுகிறது; புதியவர் வழி கேட்டு நிற்கையில் கொத்துரொட்டி ஆறிப்போகிறது. ஆகவே ஓட்டுநர் நிலைத்து நிற்பதை நலன்புரி விடயமாக ஒதுக்காமல், உங்கள் வியாபாரத்தின் மூலதனமாகவே எண்ணுங்கள்.

உங்கள் செயலி தூரத்தை எப்படி அளக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மட்டக்களப்பு வாவியின் குருக்கள்மடத்துக் கரையில் நிற்பவருக்கு அக்கரையில் அம்பிளாந்துறை கண்ணுக்குத் தெரியும். நேர்கோட்டில் அளக்கும் செயலி அதை அயல் ஊர் என்றே எடுத்துக்கொண்டு கூலி போடும். மோட்டார் சைக்கிளோ பாதைக்குக் காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டும், அல்லது வடக்கே மண்முனைப் பாலம் வரை போய்ச் சுற்றி வரவேண்டும். (பாதை என்று நாம் சொல்வது மிதவைப் படகை என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன், உங்கள் மென்பொருளைச் செய்தவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்கலாம்.) வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு ஓடர் ஏற்ற ஓட்டுநர் அன்றிரவு பெற்றோல் செலவைக் கழித்துப் பார்த்தால் கையில் என்ன மிஞ்சும்? அவர் உங்களிடம் சண்டை பிடிக்க மாட்டார். மறுநாள் செயலியைத் திறக்காமல் விட்டுவிடுவார்.

சாப்பாட்டுக் கடை வாசலில் காத்து நிற்கும் நேரமும் அப்படித்தான். கிலோமீற்றரை மட்டும் எண்ணும் செயலிக்கு அந்த இருபது நிமிடம் நடக்கவேயில்லை. கடைக்கு வந்த நேரத்தையும் பொதி கைக்குக் கிடைத்த நேரத்தையும் பதிந்து, காத்திருப்புக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால், ஓட்டுநருக்கும் நியாயம் கிடைக்கும். எந்தக் கடை எப்போதும் தாமதிக்கிறது என்ற விவரமும் உங்கள் கைக்கு வரும். டிஜிட்டல் மாற்றத்தால் சிறிய நிறுவனத்துக்கு உண்மையான பயன் கிடைப்பது இப்படியான இடங்களில்தான் என்பது என் கருத்து. ஓடர் ஒவ்வொன்றுக்கும் கூலி எவ்வளவு, தரகு எவ்வளவு, வாடிக்கையாளரிடம் வாங்கிய காசில் நிறுவனத்துக்குத் திருப்பித் தரவேண்டியது எவ்வளவு என்பதை ஓட்டுநர் இரவில் ஒரே பக்கத்தில், தமிழில், பார்க்க முடிய வேண்டும்.

வாரத்துக்கு வாரம் மாறும் ஊக்கத்தொகை இலக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை கல்லடிப் பாலத்தில் வேகத்தைத்தான் கூட்டும். வாடிக்கையாளர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்க ஒரு மனிதர் தொலைபேசியை எடுக்க வேண்டும். நிறுவனம் சிறியதாக இருக்கும்வரை அது உங்களுக்குச் சுலபம். இவற்றுக்கெல்லாம் பணம் போதாதென்றால், வாவிக்கு இக்கரையோடு சேவையை நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்த கூலிக்கு அக்கரை அனுப்புவதைவிட அது நேர்மையானது.

கேள்வி: இரண்டு செயலிகளில் மூன்று வருடமாக ஓடுகிறேன். எனக்கு ஊழியர் சேமலாப நிதி கிடைக்குமா?
– வாசகர், கல்முனை

பதில்: 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும், அதற்கு நீங்கள் சட்டத்தின் கண்ணில் ஊழியராக இருக்க வேண்டும். செயலி நிறுவனங்கள் உங்களைப் பங்காளர் என்றே ஒப்பந்தத்தில் எழுதுவதால் அந்த வழி இப்போதைக்கு அடைபட்டே கிடக்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஊபர் சாரதிகளுக்கு ஆகக்குறைந்த ஊதியம், சம்பளத்துடனான விடுமுறை போன்ற உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது.

நம் நாட்டிலும் அப்படியொரு நிலை வரும் என்று காத்திராமல், சுயதொழில் செய்பவராக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் சேரலாம். இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் உங்களைப் போன்றோருக்கானதே. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு மாத முடிவிலும் செயலியின் வருமானப் பக்கத்தைப் படம் பிடித்து வேறோர் இடத்தில் சேமித்துவையுங்கள். வங்கிக் கடனுக்கு வருமானச் சான்று கேட்கும்போது உங்களிடம் இருக்கக்கூடியது அது ஒன்றுதான். கணக்கை நிறுவனம் மூடிவிட்டால் அந்தப் பக்கம் உங்களுக்குத் திறக்காது.