வசனக் கணக்கு வரவில்லையா? தமிழ்க் கொப்பியைப் பாருங்கள்

கேள்வி: மகன் தரம் 3 இல் படிக்கிறான். போன வருடம் வரை பாட்டும் விளையாட்டுமாகப் பள்ளிக்கூடம் போய் வந்தவனுக்கு இந்த வருடம் ஆங்கிலம், சிங்களம் என்று புத்தகங்கள் கூடிவிட்டன. கூட்டல், கழித்தல் நன்றாகச் செய்கிறான். வசனக் கணக்கு வந்தால் மட்டும் முழிக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இப்போதே புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகிறார்கள். நானும் சேர்த்துவிடட்டுமா?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி. புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல்தான். எட்டு வயதுப் பிள்ளையை இப்போதே பயிற்சித்தாள்களுக்கு முன்னால் உட்கார வைத்தால், பரீட்சை வருவதற்குள் படிப்பே அவனுக்குக் கசந்துவிடும். உங்கள் மகனுக்குத் தேவையானது வேறொன்று, அது வீட்டிலேயே கிடைக்கும்.

பாரம் கூடியது போல உங்களுக்குத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் தரம் 1, 2 முதலாம் முதன்மை நிலை. தரம் 3, 4 இரண்டாம் நிலை. கீழ் வகுப்புகளில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். இங்கே வந்ததும் எழுத்து வேலைக்கும் சம இடம் வந்துவிடுகிறது. முன்பு பெரும்பாலும் வாய்ப்பேச்சாக இருந்த ஆங்கிலம் இப்போது முறையான பாடமாகிறது, இரண்டாம் மொழியாகச் சிங்களமும் சேருகிறது. தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல் எல்லாம் தொடர்கின்றன. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இவை அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே வேலை: வாசித்ததை விளங்கிக்கொண்டு தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. இந்த வயது வரை பிள்ளை வாசிக்கப் பழகியது. இனி வாசித்துத்தான் மற்றப் பாடங்களைப் பழக வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள். 'ஒரு வள்ளத்தில் 8 பேர் போகலாம். 3 வள்ளங்களில் எத்தனை பேர் போகலாம்?' வாசித்த உடனேயே 11 என்று சொல்கிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் கூட்டலும் தெரியும், வாய்பாடும் தெரியும். கண்ணில் பட்டது 8, 3 என்ற இரண்டு எண்கள் மட்டும்தான், வள்ளம் மனதுக்குள் வரவேயில்லை. அந்த இடத்தில் 'பெருக்கு' என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். எண்களை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வள்ளங்களைப் பார்த்திருப்பான் தானே? கொப்பியில் மூன்று வள்ளங்கள் கீறட்டும், ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டுப் புள்ளி வைக்கட்டும். 24 தானாக வரும். சில வாரம் இப்படிச் செய்தால் படம் கீறாமலே மனதில் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

இரவில் பத்து நிமிடம் அவன் சத்தமாக வாசிக்க நீங்கள் கேளுங்கள். பாடப்புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. நூலகத்துக் கதைப் புத்தகம், பிஸ்கட் பெட்டியின் பின்புறம், கோயில் திருவிழா நோட்டீஸ், எதுவானாலும் சரி. வாசித்து முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: 'இப்ப என்ன வாசிச்சனி, அம்மாவுக்குச் சொல்லு.' எழுத்துப் பிழையைத் திருத்த இடையில் மறிக்காதீர்கள். மறித்தால் பிள்ளை பிழைக்குப் பயந்து எழுத்து எழுத்தாகத்தான் வாசிக்கும், பொருள் கை நழுவிவிடும்.

சுற்றாடல் பாடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிறைய வீடுகளில் அம்மாமார் அதைக் கேள்வி பதிலாக எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தரும் விஷயம். திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் பாடமாக்குவதா? நகரத்துக்குள்ளேயே மான்கள் திரிகின்றன. ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எத்தனை நிற்கின்றன, என்ன தின்கின்றன, குப்பைப் பக்கம் ஏன் போகின்றன, பொலித்தீனைத் தின்றால் என்ன ஆகும் என்று அவனே பார்த்துக் கேட்கட்டும். வீட்டுக்கு வந்து ஐந்து வசனம் எழுதினால் சுற்றாடலும் ஆயிற்று, தமிழும் ஆயிற்று. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும்போது ஏழு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒப்பிடுவதும் வரிசைப்படுத்துவதும் கணிதம்தான்.

சந்தைக்குப் போனால் நிறுவையைப் பார்க்க விடுங்கள். அரைக் கிலோ என்றால் எத்தனை கிராம், 500 ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று அவனிடமே கேளுங்கள். மூன்றிலக்க எண்ணும் நிறையும் காசும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் இப்போது பயப்பட ஒன்றுமில்லை. எழுத்து மாறிப் போவது இந்த வயதில் வழமை. சிங்களத்துக்கு நம் ஊரை விட வசதியான இடம் கிடையாது. கடையில், பஸ்ஸில், கடற்கரையில் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. தெரிந்த சிங்களக் குடும்பம் இருந்தால், அந்தப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். பேச்சு வந்தபின் எழுத்துக்குப் பெரிய பாடில்லை.

புலமைப்பரிசிலுக்கு இதெல்லாம் போதுமா என்று யோசிப்பீர்கள். அந்தப் பரீட்சையிலும் கேள்வியை விளங்கி வாசிக்காத பிள்ளைதான் முதலில் தடக்குப்படும். இன்றைக்கு நீங்கள் செய்யும் வாசிப்புத்தான் அதற்கும் ஆயத்தம். பயிற்சித்தாளைத் தரம் 5 நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தவணை முழுக்க இப்படிச் செய்தும் வரிகளைத் தவறவிட்டு வாசித்தால், அல்லது கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை வந்தால், வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். அவன் எந்த வரிசையில் இருக்கிறான், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா என்று கேளுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை அடுத்ததாகத் தரம் 4 இல்தான் வரும். அதுவரை காத்திருக்காமல் ஒருமுறை கண் டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.