சகுராவை விடுங்கள், ஹினாட்டாவைக் கேளுங்கள்

மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைத் தொடர்களின் முடிவு குறித்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். கதை முடிவுகள் ஒளிவுமறைவின்றி வருகின்றன. இன்னும் படித்து முடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கேள்வி: ‘நருட்டோ’ என்ற நிஞ்சாத் தொடரின் முடிவில் சகுராவைச் சசுகேயின் மனைவி, அம்மா என்று சுருக்கிவிட்டார்கள் என்கிறேன். என் தம்பியோ, “ஆசப்பட்டவனையே கட்டிக்கினா, இன்னாத்துக்குப் பொலம்புற?” என்கிறான். யார் சொல்வது சரி? (கல்லூரி மாணவி, காட்பாடி)

பதில்: இருவரும் கல்யாணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தப் பெண் கதைக்குள் என்ன சபதம் எடுத்தாள், அது தீர்ந்ததா என்று பாருங்கள். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் துகிலுரிதல் அன்று அவிழ்ந்த கூந்தல், படுகளத்தன்று மண்ணில் கிடக்கும் துரியோதனன் உருவத்தின் மேல்தான் முடியப்படும். யார் யாரை மணந்தார்கள் என்று அங்கே எவரும் கேட்பதில்லை, கூந்தல் முடிந்தாயிற்றா என்றுதான் பார்ப்பார்கள்.

சகுராவின் கதையிலும் கூந்தல் உண்டு. 6ஆம் தொகுதியில், மரணக் காட்டில், எதிரியின் பிடியிலிருந்து விடுபடத் தன் கூந்தலைத் தானே அறுத்துக்கொள்கிறாள். எப்போதும் தன் குழுத் தோழர்கள் நருட்டோ, சசுகே இருவரின் முதுகையே பார்த்து நின்றவள், இனி அவர்கள் தன் முதுகைப் பார்க்கட்டும் என்று முடிவெடுக்கும் இடம் அது. அதன் பின் மருத்துவ நிஞ்சா சுனாடேயிடம் மருத்துவம் கற்கிறாள். 28 முதல் 31 வரையுள்ள தொகுதிகளில் எதிரி சசோரியின் விஷத்துக்கு முறிவு தயாரிக்கிறாள். அந்த மருந்து உடலில் 3 நிமிடம்தான் வேலை செய்யும் என்ற கணக்கின் மேல்தான் அந்தச் சண்டையே நிற்கிறது. 632ஆம் அத்தியாயத்தில், மூன்று வருடம் சேமித்த ‘சக்ரா’ எனும் உடலாற்றலின் முத்திரை நெற்றியில் திறக்க, இருவருக்கும் சமமாக நின்று அடிக்கிறாள். 689இல் தெய்வமாக வரும் கடைசி எதிரி ககுயாவை மேலிருந்து தாக்கி கொம்பை முறிப்பவளும் அவளே. ஆக, சபதம் தீர்ந்துவிட்டது.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இதற்கு அப்புறம் வருகிறது. 693இல் சசுகேயிடம் மன்றாடுகிறாள், அவன் மாயக்காட்சியால் அவளை வீழ்த்திவிட்டு நடக்கிறான். நான்கே அத்தியாயங்களுக்கு முன் தெய்வத்தின் கொம்பை உடைத்தவளை மறுபடி அழவிட்டது எழுத்தின் சறுக்கல், சந்தேகமே இல்லை. 699இல் சசுகே மன்னிப்புக் கேட்ட பின் அவள் நெற்றியில் இரு விரலால் தட்டுவது அழகான தருணம்தான், அண்ணன் இட்டாச்சி செய்துவந்த சைகை அது. ஆனால் அதிலும் கொடுப்பவன் அவன், பெற்றுக்கொள்பவள் அவள். 700ஆம் அத்தியாயமோ அவளை மகள் சரடாவோடு வீட்டில் காட்டுகிறது. மருத்துவத் தொழில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லப் பிறகு 2015இல் ஒரு தனி நாவல் வர வேண்டியிருந்தது. குழந்தைகளின் மனநல மருத்துவமனை அதில்தான் வருகிறது. ஆசிரியர் கிஷிமோட்டோ வரைந்த பக்கங்களை மட்டும் படித்தவருக்கு அது தெரிய வழியில்லை.

இத்தனைக்கும் அதிகம் ஏமாற்றப்பட்டவள் சகுரா இல்லை, ஹினாட்டா. அவளுக்கும் கல்யாணம் ஆயிற்று, நருட்டோவோடுதான். அதனால் அவள் கணக்கு முடிந்தது என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் அவள் யார்? ஹ்யூகா குடும்பத்தின் மூத்த மகள், வாரிசுக்குத் தகுதியற்றவள் என்று தகப்பன் ஒதுக்கியவள். அதே வீட்டில் கிளைக் குடும்பத்தாரின் நெற்றியில் அடிமை முத்திரை குத்தப்படுகிறது. 9ஆம் தொகுதியில் அந்தக் கிளையில் பிறந்த நேஜி அவளை அடித்து வீழ்த்துவது அந்த வெறுப்பில்தான். 12ஆம் தொகுதியில் நேஜியை வென்ற நருட்டோ, தான் ஹோகாகே, அதாவது ஊர்த் தலைவன், ஆனதும் ஹ்யூகா குடும்பத்தை மாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறான். பிறகு 614இல் நருட்டோவையும் ஹினாட்டாவையும் காக்க நேஜி உயிரை விடுகிறான். 700இல் நருட்டோ ஹோகாகே. ஹினாட்டாவும் மகள் ஹிமாவரியும் சூரியகாந்திப் பூவோடு நேஜியின் கல்லறைக்குப் போகிறார்கள். முத்திரை வழக்கம் ஒழிந்ததா, குடும்பத் தலைமை யாருக்கு என்று ஒரு வரி கிடையாது. கொடுத்த வாக்கை நினைவூட்ட வேண்டிய இடத்தில் இருப்பவள் ஹினாட்டா. அவள் கையில் பூவைக் கொடுத்து அனுப்பிவிட்டார் ஆசிரியர்.

தம்பியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அது பையன்களுக்கான வாரப் பத்திரிகைத் தொடர். அதில் போய்ப் பெண்களுக்கு நீதி தேடுவது நியாயமா? (வாலாஜாபேட்டை)

பதில்: ‘ஷோனென் ஜம்ப்’ என்ற அந்தப் பத்திரிகையின் பெயரே பையன்களைத்தான் குறிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கை எழுதியது அதே பத்திரிகைதான். எழுதிய வாக்கைக் கேட்பதில் என்ன அநியாயம்?

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. 1999இல் தொடங்கி 2014 நவம்பர் 10இல் முடிந்த தொடர் இது: 700 அத்தியாயம், 72 தொகுதி. வாரத்துக்கு ஏறத்தாழ 19 பக்கம். வாசகர்கள் தபால் அட்டையில் தங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்ப, அதைப் பார்த்து ஆசிரியர் குழு தொடரின் ஆயுளைத் தீர்மானிக்கும். இந்த ஏற்பாட்டில் சண்டை நீளும், வீட்டு விவகாரம் குறுகும். போர் முடியவே 690 அத்தியாயம் ஆகிவிட்டது. அடுத்த எட்டு நருட்டோவும் சசுகேயும் மோதித் தீர்க்க. ஊரில் உள்ள அத்தனை பேரின் எதிர்காலத்துக்கும் மீந்தது 699, 700 என்ற இரண்டுதான், அவையும் ஒரே இதழில் சேர்ந்து வந்தன.

நருட்டோவும் ஹினாட்டாவும் காதலித்த கதை எங்கே என்று தேடினால் மாங்காவில் கிடைக்காது. அது 2014 டிசம்பர் 6இல் வெளியான திரைப்படத்துக்காக ஒதுக்கப்பட்டது. கல்யாணம் டிவி அனிமேயின் 494 முதல் 500 வரையுள்ள எபிசோடுகளில். டிவியில் பார்த்தவரும் புத்தகம் படித்தவரும் ஒருவரை ஒருவர் புரியாமல் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான். ஒருவர் பார்த்த காட்சி மற்றவரின் புத்தகத்தில் இல்லவே இல்லை.

கேள்வி: டென்டெனுக்கு என்ன ஆயிற்று? டெமாரிக்கு? (குடியாத்தம்)

பதில்: டென்டென் ஆயுதக்கடை வைத்திருக்கிறாள், சமாதானம் வந்துவிட்டதால் வியாபாரம் படுத்துவிட்டது என்று அலுத்துக்கொள்கிறாள். சிரிக்கத்தான் அந்தக் காட்சி. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் பிழைப்பைப் பற்றிப் பேசும் ஒரே இடமும் அதுதான். டெமாரி மணல் கிராமத்தின் மூத்த வீராங்கனை, இங்கே ஷிகமாருவின் மனைவியாக, ஷிகடாயின் தாயாக நிற்கிறாள், அவ்வளவே. இன்னொன்றையும் கவனியுங்கள். போர்க்காலத்தில் ஐந்து கிராமத் தலைவர்களான காகேக்களில் சுனாடே, மெய் டெருமி என இருவர் பெண்கள். 700இல் ஐவரும் கூடும்போது குரோட்சுச்சி ஒருத்திதான்.

கேள்வி: எல்லா நீண்ட தொடர்களும் இப்படித்தானா? நன்றாக முடித்தவை எவை? (ஆரணி)

பதில்: ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ (2001–2010, 108 அத்தியாயம், 27 தொகுதி) முதலில் நிற்கும். அதிலும் கல்யாணப் பேச்சு உண்டு. ரயில் நிலையத்தில் எட்வர்ட் தன் ரசவாதக் கணக்குப்படி, என் வாழ்வில் பாதி தருகிறேன், உன் வாழ்வில் பாதி கொடு என்கிறான். வின்ரி முழுதும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, யோசித்து, பேரத்தை 85 சதவீதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அவள் செயற்கைக் கை கால் செய்யும் மெக்கானிக். முதல் தொகுதிகளிலிருந்தே அந்தத் தொழில் இல்லாமல் கதாநாயகனால் நடக்கக்கூட முடியாது. அதனால் கல்யாணம் அவளை எதற்குள்ளும் கரைத்துவிடவில்லை. எழுதியவர் பெண் என்பதால் இப்படி என்று சட்டென்று முடிவுகட்ட வேண்டாம். லான் ஃபான், ஒலிவியர் ஆம்ஸ்ட்ராங், ரிசா ஹாக்ஐ என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலையைத் தொடக்கத்திலேயே ஒப்படைத்து, அதைக் கடைசிவரை பிடுங்காமல் வைத்திருந்த திட்டமிடல்தான் காரணம். மாதப் பத்திரிகையில் வந்ததால் அவகாசமும் இருந்தது.

‘ப்ளீச்’ (2001–2016, 686 அத்தியாயம்) ஒரே முடிவில் இரண்டு விதமாகவும் நடந்துகொள்கிறது. ருக்கியாவுக்கும் குழந்தை உண்டு. ஆனால் அண்ணன் தலையிட்டதால் பதவியே இல்லாமல் தொடங்கியவள், 13ஆம் படைப்பிரிவின் தலைவியாக முடிகிறாள். ஒரிஹிமேக்கு வீடும் மகனும் வாய்த்தன, வேறு எதுவும் சொல்லப்படவில்லை. தாய்மை குறையில்லை என்பதற்கு ருக்கியாவே சாட்சி.

‘இனுயாஷா’வில் (558 அத்தியாயம், 56 தொகுதி) ககோமே மூன்று வருடம் இந்தக் காலத்திலேயே இருந்து பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுத்தான் பழங்காலத்துக்குக் கொண்டுபோகும் கிணற்றைக் கடக்கிறாள். முடிவு அவளுடையது.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ இன்னும் சிக்கல். நாயகன் எரெனை வீழ்த்திக் கதையை முடித்துவைக்கும் வெட்டு மிகாசாவுடையது. 2000 வருடம் காத்திருந்த முதல் டைட்டன் யமிர் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள் தேர்வைத்தான். அதே தொடரில் அரசி ஹிஸ்டோரியா கடைசிப் பகுதி முழுக்கக் கர்ப்பிணியாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பேன் என்று தகப்பனை எதிர்த்து நின்றவள் அவள்!

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் இதை வைத்து இரண்டு மணி நேரம் பேசலாம் என்றிருக்கிறோம். வெறும் கூச்சலாகாமல் எப்படி நடத்துவது? (ஆற்காடு)

பதில்: 15 பேருக்கு மேல் வேண்டாம். 72ஆம் தொகுதி மட்டும் போதும் என்று தோன்றும். அதில் 691 முதல் 700 வரை பத்து அத்தியாயம் இருக்கிறது. ஆனால் சகுரா ககுயாவை அடிக்கும் 689 இதற்கு முந்தைய தொகுதியில் விழுகிறது. 72ஐ மட்டும் படித்துவிட்டு வந்தால் சகுரா அழுவது மட்டுமே கண்ணில் படும், கூட்டம் பாதியில் கோணிப்போகும். 71, 72 இரண்டையும், கூடவே ஆதாரத்துக்கு 6, 9, 12 மூன்றையும் மேசையில் வையுங்கள். ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகளைச் சேர்த்துக் கட்டிய பதிப்பில் மொத்தமே 24 புத்தகம், கடைசிப் புத்தகத்தில் 70, 71, 72 மூன்றும் வந்துவிடும். செலவு குறையும்.

ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்று ஒரு வாரம் முன்பே பிரித்துக்கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் ஐந்து பத்தி போடட்டும்: பாத்திரம் முதலில் என்ன வேண்டும் என்று சொன்னாள், எந்தத் தொகுதியில், அது எங்கே தீர்ந்தது, கடைசி அத்தியாயத்தில் அவள் பேசும் பலூன்கள் எத்தனை, அவற்றில் கணவனையோ பிள்ளையையோ பற்றாதவை எத்தனை. பக்கக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அப்படி எண்ணினால் ககுயாதான் முதலிடம் பிடிப்பாள். இத்தனை பக்கம் நிரப்பியும் அவளுக்கு என்ன வேண்டும் என்பது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆண் பாத்திரங்கள் இரண்டுக்கும் இதே தாளை நிரப்பச் சொல்லுங்கள், ராக் லீயும் சோஜியும் போதும். பக்கப் பஞ்சம் எல்லோருக்கும் பொதுவா, பெண்களுக்கு மட்டுமா என்பது அப்போதுதான் பிடிபடும்.

முதல் ஒரு மணி நேரம் தாளில் உள்ளதை மட்டும் வாசிக்கட்டும். யாருக்கு யார் பொருத்தம் என்ற பேச்சு எழுந்தால் கடைசி 15 நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலிலேயே அனுமதித்தால் வேறு எதுவும் நடக்காது. நாவல், திரைப்படம், அனிமே, அடுத்த தலைமுறைத் தொடர் எதையும் சாட்சியாக ஏற்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே விலக்கு, 2015இல் கிஷிமோட்டோவே வரைந்த பத்து அத்தியாயக் குறுந்தொடர். சரடா ஹோகாகே ஆக ஆசைப்படுவது அதில்தான் வருகிறது. அதைச் சேர்ப்பதா கூடாதா என்பதே அரை மணி நேர விவாதத்துக்குத் தாங்கும்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது. இதெல்லாம் படிக்கலாமா? (ஒரு தாய், ஆம்பூர்)

பதில்: ‘நருட்டோ’, ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ இரண்டும் ஆங்கிலப் பதிப்பில் பதின்வயதினருக்கு என்றே குறிக்கப்பட்டவை. ‘நருட்டோ’வின் முதல் அத்தியாயத்திலேயே பெண்ணாக உருமாறி ஆசிரியரைத் தடுமாற வைக்கும் அசட்டு நகைச்சுவை வரும், அது பலமுறை திரும்பவும் வரும். முன்பே தெரிந்துகொண்டு கொடுங்கள். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ இன்னும் மூன்று வருடம் பொறுக்கட்டும்.

கேள்வி: ‘ஜுஜுட்ஸு கைசென்’ நோபராவைப் பற்றி ஒரு வார்த்தை? (ராணிப்பேட்டை)

பதில்: 125ஆம் அத்தியாயத்தில் விழுந்தவள் 267இல் எழுகிறாள். தொடர் 271இல் முடிந்துவிட்டது. இடையில் கிட்டத்தட்ட நான்கு வருடம், செத்தாளா பிழைத்தாளா என்றுகூடத் தெளிவாகச் சொல்லவில்லை. திரும்பி வந்தவள் தன் ஆணியும் சுத்தியலும் கொண்டு வில்லன் சுகுனாவின் விரலை அடித்த அந்த ஒரு அடிதான் சண்டையைத் திருப்பியது. அதற்காகவே அவளை ஒளித்துவைத்திருந்தார்கள் என்பது ரசிகர்களின் வாதம். அப்படியானால் 142 அத்தியாயம் அவள் ஆயுதமாகத்தான் கிடந்தாள், பாத்திரமாக அல்ல.