கரைசல் கணக்கில் வகுக்கும்போது கீழே எதைப் போடுவது?

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. கரைசல் பாடத்தில் சூத்திரமெல்லாம் கடகடவென்று சொல்கிறாள், வீட்டுப்பாடக் கணக்கு மட்டும் தப்பாகவே வருகிறது. வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சூத்திரம் தெரிந்த பிள்ளையிடம் மறுபடி சூத்திரத்தையே ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். நான் வாலிநோக்கம் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன், பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்தான், அந்தப் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: கீழே எதைப் போடுவது என்பதில்.

25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் அதிகபட்சம் 36 கிராம் சாப்பாட்டு உப்பு கரையும். "சரி, அந்தக் கரைசலின் நிறை சதவீதம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், 36 என்று பட்டென்று பதில் வரும். 36 என்பது கரைதிறன், அங்கே கீழே இருப்பது தண்ணீர் மட்டும். நிறை சதவீதத்துக்குக் கீழே வருவது மொத்தக் கரைசல், அதாவது 136. வகுத்தால் 26.5 சதவீதம்தான்.

உப்பளத்தில் கண்ணாடி மீட்டரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார்கள், ஏறக்குறைய 25 டிகிரி வந்தால்தான் பாத்தியில் உப்பு இறங்கும். இது வெயில் டிகிரி இல்லை, கரைசல் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் போமே அளவு. 15 சதவீத உப்புக் கரைசலில் 15 காட்டும்படி வகுத்தது. அதனால்தான் நம் 26.5-க்குப் பக்கத்திலேயே அந்த எண்ணும் நிற்கிறது. இதைச் சொன்னபோது ஒரு பையன், "எங்கப்பா சொல்ற நம்பரா சார் இது?" என்று கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான்.

அடுத்தது நீர்க்கச் செய்யும் கணக்கு. 10 கிலோ கரைசல், 20 சதவீதம், அதில் உப்பு 2 கிலோ. ஐப்பசி மழை வந்து 6 கிலோ தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். உப்பு அதே 2 கிலோதான், கீழே 16 ஆகிவிட்டது, 12.5 சதவீதம். வெயிலில் சுண்டினாலும் இதே வழிதான், கீழே இருக்கும் எண் மட்டும் குறையும். எது மாறாது என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், மீதி தானாக வரும்.

பிள்ளைகள் அதிகம் குழம்புவது கரைசலும் சேர்மமும் ஒரே கணக்கில் வரும்போது. கரைசலில் விகிதம் நம் இஷ்டம், அதனால் அதைக் கேள்வியில்தான் தேட வேண்டும். சேர்மத்தில் அது வேதி வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது. கடல் தண்ணீர் மழைக்குப் பிறகு உப்புக் குறைந்து போகலாம், ஆனால் எந்தப் பாத்தியில் எடுத்த சோடியம் குளோரைடிலும் 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின்தான். இது பதிந்துவிட்டால் மயில் துத்தக் கணக்கு (நீல நிறக் காப்பர் சல்பேட் படிகம்) பயமுறுத்தாது.

25 கிராம் மயில் துத்தத்தை 75 கிராம் தண்ணீரில் கரைத்தால் காப்பர் சல்பேட் எத்தனை சதவீதம்? 25 என்று எழுதிவிடுவார்கள். படிகத்துக்குள்ளேயே ஐந்து மூலக்கூறு தண்ணீர் இருக்கிறதே! மூலக்கூறு நிறை மொத்தம் 249.5-இல் காப்பர் சல்பேட் 159.5, தண்ணீர் 90. ஆக 25 கிராமில் காப்பர் சல்பேட் சுமார் 16 கிராம், மீதி 9 கிராம் போய்க் கரைப்பானோடு சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 100 கிராம், விடை 16 சதவீதம். இந்த ஒரு கணக்கை அவளாகவே இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி போட்டுவிட்டால் பாடத்தில் பெரும்பகுதி முடிந்தது என்பேன்.

அப்புறம் மில்லி, கிராம் விஷயம். 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 100 கிராம், சரி. ஆனால் நன்றாகச் செறிந்த உப்புக் கரைசல் 100 மில்லி கிட்டத்தட்ட 120 கிராம் இருக்கும். கேள்வியில் அடர்த்தி கொடுத்திருந்தால் சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள், அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். காப்பரின் அணு நிறையை 63.5 என்று போட்டாளா 64 என்று போட்டாளா என்பதில் விடை தசமத்துக்குப் பிறகு கொஞ்சம் நகரும், அதற்காக விடையை அடித்துவிட்டு மறுபடி எழுத வைக்காதீர்கள்.