பட்டா நிராகரிப்பு உத்தரவை ஏஐ எழுதியதா என்று எப்படிக் கேட்பது?
ஐயா, பாலக்கோட்டில் நீங்கள் அளித்த பட்டா மாறுதல் மனுவை நிராகரித்த உத்தரவில், உங்களுக்குத் தொடர்பில்லாத ஊரும் புல எண்ணும் இருப்பதால், அது ஏஐ எழுதியதோ என்று ஐயப்படுகிறீர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பதிவில் உள்ளதைத்தான் தரச் சொல்கிறது, "ஏஐ பயன்படுத்தினீர்களா?" என்று மட்டும் கேட்டால், "அவ்வாறான பதிவு இல்லை" என ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் (அதில் அவர்கள் தேர்ந்தவர்கள்). ஆகவே தகவல் கோரும் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கோப்புக் குறிப்புகள், கிராம நிர்வாக அலுவலர் மற்றும் நில அளவர் அறிக்கைகள், ஏஐ பயன்பாடு குறித்த சுற்றறிக்கை ஏதேனும் இருப்பின் அது ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். கள அறிக்கையில் இல்லாத காரணம் உத்தரவில் இருந்தால், எழுதியது யார் என்பதைவிட அதுவே வலுவான வாதம். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு. அதற்காகக் காத்திராமல், நிராகரிப்பை எதிர்த்துத் தருமபுரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் இப்போதே முறையிடுங்கள்.